பீர்க்கன்கரணை மாஸ்டரும் என் பிரவுன் பெல்ட்டும்

கராத்தே மாஸ்டர் இறந்துவிட்டார். விடியற்காலையில், தூக்கத்திலேயே... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

எனக்குத் தெரியவே பதினோரு மணி ஆகிவிட்டது. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு எப்போதோ வெளியேறியவள் நான். ஆபீஸில் யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸில் அவர் படத்தைப் பார்த்தேன். லீவ் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக... பகலில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், சாயங்காலம் கராத்தே மாஸ்டர். பெரியப்பா மகனின் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு ஹாலைக் கேட்டு வாங்கி, நாலே நாலு பிள்ளைகளோடு பீர்க்கன்கரணையில் ஸ்கூலைத் தொடங்கியவர். பிறகு அதற்காக வேலையையே விட்டார். வீட்டில் நடந்த சண்டை தெருமுனை வரை கேட்டதாம்.

மண்டபம் என்பதால் முகூர்த்த நாளில் கிளாஸ் கிடையாது. நாங்கள் காலண்டரில் முகூர்த்தம் பார்த்துத்தான் யூனிஃபார்ம் துவைப்போம்.

முந்தின நாள் கல்யாணம் நடந்திருந்தால் தரையெல்லாம் ரசம். "ரசத்துல வழுக்காம நின்னவன் எந்த டோர்னமென்ட்லயும் நிப்பாம்ப்பா" என்பார்.

ஆடியில் கல்யாணம் இருக்காது. ஊருக்கு ஆகாத மாதம் எங்களுக்குத் திருவிழா. தினமும் கிளாஸ், கடைசி வாரம் அடுத்த பெல்ட்டுக்கான கிரேடிங் டெஸ்ட்.

நான் சேர்ந்தபோது வயது முப்பத்தெட்டு. பையனை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் சேர் போட்டு போன் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, தெனம் இங்கயே குந்திகினு கீறீங்க. உள்ள வந்து கைகால ஆட்டுங்க."

"எனக்கு வயசாயிடுச்சு மாஸ்டர்."

"எனக்கு மட்டும் கொறையுதா? வாங்கம்மா."

பையன் ஆறு மாதத்தில் விட்டுவிட்டான். நான் விடவில்லை. அஞ்சு வருஷத்தில் பிரவுன் பெல்ட்!

அதற்கு மேல்தான் வந்தது வினை. பிளாக் பெல்ட் கிரேடிங்கில் ஃபெயில். குத்து விடும்போது பின்னங்கால் குதிகால் தரையை விட்டுத் தூக்குகிறதாம்.

அடுத்த ஆடியில் மாமியார், காலனி தோழிகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஸ்வீட் பாக்ஸ் வேறு. அத்தனை பேர் முன்னாலும் மறுபடி ஃபெயில்.

"குதிகா இன்னும் தூக்குதும்மா. அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றோடு நின்றேன். கீழ்க்கட்டளைப் பக்கம் வேறொரு கிளாஸ்... மூன்றே மாதத்தில் பிளாக் பெல்ட் கொடுத்தார்கள்.

போட்டோவை இதே பக்கத்தில்தான் போட்டேன். நீங்கள் எல்லோரும் வாழ்த்தினீர்கள். மாஸ்டரும் வந்து ஒரு கமெண்ட் போட்டார். "வாழ்த்துக்கள் அம்மா. குதிகால் சரியாயிடுச்சா?"

குத்திக்காட்டுகிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. கமெண்டை அழித்தேன். அவரை அன்ஃபிரெண்ட் செய்தேன்.

அந்த மனுஷனுக்குக் குத்திப் பேசத் தெரியாது. நிஜமாகவேதான் கேட்டிருப்பார். இது எனக்கு அன்றைக்கே தெரியும்... ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

குதிகால் சரியாகவில்லை. அந்த பெல்ட்டை போட்டோவுக்குப் பிறகு நான் ஒருநாளும் கட்டவில்லை, வெட்கமாக இருந்தது. நாலு வருஷமாக அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். ஒரு நாள் வண்டியை நிறுத்தி ஒரு சாரி சொல்லியிருக்கலாம்.

இன்று நாலு மணிக்கு எடுக்கிறார்கள். பழைய மாணவர்கள் எல்லோரும் யூனிஃபார்மில் வந்து, பெல்ட் வரிசைப்படி நின்று அவருக்குக் கடைசி வணக்கம் சொல்கிறார்கள். இப்போது அங்கே கிளாஸ் எடுக்கும் சீனியர் தம்பி கொஞ்சம் முன்னால் போன் செய்தான்.

"அக்கா, வர்றீங்கல்ல? லைன் போட்டுகினு கீறேன். உங்கள முன்னாடி பிளாக் பெல்ட்டோட போட்டுர்றேன்."

"வேணாம்ப்பா. பிரவுன்ல போடு."

"அதுல எல்லாம் ஸ்கூல் பசங்கக்கா..."

"இருக்கட்டும். மாஸ்டர் எனக்குக் குடுத்தது அதுதானே."

"சீக்கிரம் வாங்கக்கா" என்று மட்டும் சொன்னான். அழுகிறான் போலிருக்கிறது.

யூனிஃபார்ம் இறுக்குகிறது. பரவாயில்லை, பெல்ட் கட்டிவிட்டேன்.

மன்னிச்சிடுங்க மாஸ்டர். இதோ வந்துகிட்டிருக்கேன்.