மாடியில் காய்ந்த புடவைகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அடையாறு வீட்டு மாடிக் கொடியில் ஏழெட்டுப் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? மாடியில் குடியிருப்பவர்கள் நான்கு காலேஜ் பையன்கள்.

இஸ்திரி வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்தார். "இன்னா சார், பசங்க பொடவ கட்ட ஆரம்பிச்சிட்டாங்களா?"

அவருக்குச் சொல்லாமல் மழுப்பினேன். உங்களுக்குச் சொல்கிறேன்.

கிண்டிப் பக்கம் காலேஜில் வருஷத்துக்கு ஒரு புதுக் கட்டடம் எழும்புகிறது. புது வகுப்பு, புது லேபரட்டரி... எல்லாம் வருகின்றன. படிக்க வருகிற பையன்கள் எங்கே படுப்பார்கள் என்ற யோசனை மட்டும் யாருக்கும் வருவதில்லை. ஹாஸ்டலில் இடம் கிடைக்காதவர்கள் டிரங்குப் பெட்டியோடு எங்கள் தெருவில் அலைகிறார்கள். 'ஃபேமிலிக்கு மட்டும்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு அடுத்த கேட்டுக்குப் போகிறார்கள். தெருமுனையில் இரண்டு மெஸ் முளைத்தாயிற்று. வாடகை சைக்கிள்காரர் பக்கத்துக் கடையையும் பிடித்துவிட்டார். வீடு மட்டும் கிடையாது.

போன வருஷம் எங்கள் மாடி காலியானபோது நானும் அதே போர்டை மாட்டத்தான் போனேன். கேட்டுக்கு வெளியே நான்கு பேர் மழையில் நனைந்தபடி நின்றார்கள். மனசு கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன். நல்ல பையன்கள். தண்ணீர்க் கஷ்டம் வந்தால் என் மனைவிக்கு அடிபம்பு அடித்துக் கொடுப்பவர்களே அவர்கள்தான்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. என் மகள் வசந்தாவுக்கு வரன் பார்க்கிறோம். ஏறக்குறைய முடிந்துவிட்ட ஓர் இடம் திடீரென்று பின்வாங்கியது. ஏன்? "வயசுப் பொண்ணு இருக்கற வீட்டு மாடியில தடிப்பசங்களாமே" என்றார்களாம். அந்த வாரம் முழுக்க வசந்தா சரியாகச் சாப்பிடவில்லை. பெற்ற வயிறு என்று தாய்க்கு மட்டும்தான் சொல்கிறார்கள்... எனக்கும் தாங்கவில்லை.

பையன்களைக் காலி செய்யச் சொல்வதா? பாதிப் படிப்பில் எங்கே போவார்கள்?

இந்த நேரத்தில்தான் கோவில்பட்டியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் குடும்பத்தோடு பெண் பார்க்க வருவதாகத் தரகர் சொல்லியனுப்பினார். மாப்பிள்ளை இங்கே பேங்கில் வேலை. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வாசம். கவனியுங்கள் — அவரும் பிரம்மச்சாரிதான். வாடகைக்கு இடம் கேட்டு வந்தால் அபாயமான ஆள். பெண் கேட்டு வந்தால் தங்கமான பிள்ளை. இது என்ன நியாயம்?

நியாயம் பேச என் மனைவிக்கு நேரமில்லை. பையன்களை மாட்னி ஷோவுக்குப் போகச் சொல்லிவிட்டாள். கொடியிலிருந்த லுங்கிகளை உருவிவிட்டு, பீரோவில் இருந்த தன் புடவைகளை நனைத்துப் போட்டாள். போதாததற்கு, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தைக் கவுனைக் கடன் வாங்கி நடுவில் தொங்கவிட்டாள்.

மத்தியானம் வந்தார்கள். வாசலில் செருப்பை விடும்போதே கோவில்பட்டிக்காரர் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, மாடில யாரு இருக்கா?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "ஒரு குடும்பம் இருக்காங்க. ரொம்ப அமைதியானவங்க. ரெண்டு சின்னப் பிள்ளைங்க."

அவர் முகம் வாடிவிட்டது. தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் மாப்பிள்ளையைப் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கேசரியை யாரும் தொடவில்லை. யாரோ வத்தி வைத்துவிட்டார்கள், எங்கள் பொய்யும் பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

காப்பித் தட்டோடு வந்த வசந்தா, அதை மேஜையில் வைத்துவிட்டு நேராக அவரிடமே பேசினாள்.

"மாடியில குடும்பம் இல்லைங்க. நாலு காலேஜ் பசங்க இருக்காங்க. காயறது அம்மா புடவை. பின்னால தெரிஞ்சு வேண்டாம்னு சொல்றதுக்கு, இப்பவே சொல்லிடுங்க."

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

கோவில்பட்டிக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "அப்பாடி... வயித்துல பால வார்த்தம்மா" என்றார்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய இளைய மகனுக்கு இங்கே இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் இடமில்லை. அண்ணனின் மேன்ஷன் அறையில் பாய் விரித்துப் படுக்கிறான். மேனேஜர் தினமும் விரட்டுகிறார்.

"மெட்ராஸ் பூரா அலைஞ்சாச்சு அண்ணாச்சி. பேச்சுலர்னா ஒருத்தனும் கேட்டத் தெறக்க மாட்டேங்கான். நீங்க படிக்கிற பிள்ளைகளுக்கு மாடியக் குடுத்திருக்கீகன்னு தரகர் சொன்னாரு. அப்படிப்பட்ட மனுசர் வீட்டுல பொண்ணெடுக்கணும்னுதான் வந்தோம். மதினி 'ஒரு குடும்பம் இருக்காங்க'ன்னதும், தரகர் சொன்னதெல்லாமே பொய்யோன்னு சங்கடமாப் போச்சு."

மாப்பிள்ளை வசந்தாவைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குச் சம்மதம். உங்களுக்கு?"

வசந்தா சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்துப் பார்த்து! மார்பில் கிடந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. கேசரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஊர் பெரிதாகிறது என்று பெருமைப்படுகிறோம். கூடவே கேட்டுக்குப் பூட்டும் போடுகிறோம். வெளியே பெட்டியோடு நிற்பவன் நாளைக்கு யாருடைய மைத்துனனோ... யார் கண்டது?

கல்யாணம் தை மாதம். மாப்பிள்ளையின் தம்பி வெள்ளிக்கிழமையே மாடிக்குக் குடிவந்துவிட்டான்.