செம்பில் ஊறிய சாறு

மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. ஆய்வுக்கூட மேசையில், பாட்டிலிலிருந்த சாற்றில் கொஞ்சம் எடுத்து அமிலத்தோடு சூடாக்கினாள். தூக்கத்தில்கூடச் செய்யக்கூடிய வேலை. இன்று ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை பார்த்தாள்.

இலைகளிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்து, செம்போடு இணைத்து, கிருமிகளின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் அவளுடைய பிழைப்பு. அவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டவர் அத்தான். இன்றும் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் சாப்பிடும்போது, செம்பு சேர்ந்த சாறு பட்டுக் கண்ணாடித் தட்டில் கிருமிகள் செத்துக் கிடந்ததைச் சொன்னாள். இலையின் பெயரையும் சொன்னாள். அத்தானின் காலில் ஆறாத புண். அக்கா கேட்டுக்கொண்டே பரிமாறினாள்.

இன்று காலை அத்தான் வாந்தி எடுத்தபோதுதான் செம்புச் சொம்பு இவள் கண்ணில் பட்டது. வெளியே கறுத்திருந்தது, உள்ளே பளபளத்தது. இலையை அரைத்து, எலுமிச்சை பிழிந்து, அந்தச் சொம்பில் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கொடுத்து வந்திருக்கிறாள் அக்கா. வாந்தி வெறும் பித்தம் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு அத்தான் சிரித்தார். இனிக் கொடுக்காதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மிச்சச் சாற்றோடு இவள் கிளம்பி வந்திருந்தாள்.

வீட்டுச் சமையலும் இங்கேதானா என்று கேட்டார் கருவி அறைக்காரர். அவள் உறிஞ்சுகுழாயைச் சாற்றில் இறக்கினாள். செம்பை அளக்கும் கருவி சாற்றை உறிஞ்சியது. நீலச் சுடரின் ஓரம் பச்சையானது. செம்பின் அளவு கருவியின் எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. தண்ணீர் கலந்து மறுபடி வைத்தாள். சந்தேகமே இல்லை, சொம்பின் செம்பு சாற்றில் கரைந்திருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"நீதானே சொன்னே, செம்போட சேர்ந்தா கிருமி செத்துடும்னு?"

"தட்டுல செத்துச்சுக்கா. அது வேற. இது வயித்துக்குள்ள போற செம்பு. புளிப்புல கரைஞ்சா விஷம்."

போன் கை மாறியது.

"சொம்பு மாதிரி என்னையும் உள்ளுக்குள்ள வெளக்கிட்டாளா உங்க அக்கா?" அத்தான் சிரிக்கப் பார்த்தார். பாதியில் ஓங்கரித்தார்.

"அத்தான், சட்டையைப் போட்டுக்குங்க. வண்டி அனுப்பறேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அத்தானுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஈரல் பரிசோதனையின் முடிவு வரவில்லை. புண்ணுக்குப் புதுக் கட்டுப் போட்டிருந்தார்கள். அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மதியம்வரை இவளும் அக்கா பக்கத்தில் இருந்தாள். பிறகு வேலைக்குப் போய், கிருமிகள் செத்துக் கிடந்த கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.