ஷமீம் பூசிவந்த வாசனை

லாங் பஜார் நாட்டு மருந்துக் கடையில் ஆவாரம்பட்டை மூட்டையை அவிழ்த்ததும், ஆம்பூரில் அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் கொட்டகை மூக்குக்குள் திரும்பி வந்தது. இன்று அந்த இடத்தில் சகல அனுமதிகளோடும் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. அன்று பட்டைத் தண்ணீரும் ஊறிய தோலும் கலந்த அந்த நெடி, எங்கள் கொடியில் காயும் பாவாடை வரை தொற்றிக்கொண்டு என்னோடு வகுப்புக்கும் வந்தது. மற்ற பெண்கள் மூக்கைப் பொத்தியபடி பெஞ்சு மாறினார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட முடிவெடுத்து, துணிக்கடைக்காரர் மகள் ஷமீமிடம் மட்டும் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு நாள் வந்துடுடி. அப்பறம் உன் இஷ்டம்."

மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளிடம் என்னைவிட ஜாஸ்தி நெடி. கொட்டகை வாசலில் கொட்டிக் கிடந்த ஊறிய பட்டையை அள்ளிப் பாவாடை முழுக்கத் தேய்த்திருந்தாள்.

"யாரு மேல நாத்தம்னு இப்ப மோந்து சொல்லுங்கடி, பாப்போம்!"

இடம் மாற ஆசிரியர் அனுமதி வேண்டும்; என் பக்கத்தில் வந்து உட்கார அவள் அதைக் கேட்கவே இல்லை. பின்னாளில் விதிமீறல்களுக்கு மெமோ எழுதியே ஓய்வுபெற்ற நான், அவளுக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் பூசிவந்தாள். நான் பள்ளியை விடவில்லை.

"இந்தப் பட்டை நூறு கிராம் குடுப்பா," என்றேன் கடைக்காரரிடம்.

"இன்னாம்மா, சக்கரைக்கா?"

"இல்லப்பா, புடவையில தேச்சிக்க."