மாமா துடைத்த ஓடை

என் மாமா ஒரு விடுதியில் அறைகளின் சுத்தத்தை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகச் சுற்றியதில் எத்தனையோ விடுதிகளில் தங்கியிருக்கிறேன். ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்து முகர்ந்து பார்க்கும் இந்த ரகத்து ஆள் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் சொந்த வீட்டிலும் அதையே செய்பவர் மாமா ஒருவர்தான்.

வீட்டுக்கும் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கும் பின்னால் ஓடுகிற ஓடையில் கல்லொட்டி என்றொரு அரிய மீன் இருக்கிறது. விரல் நீளம்கூட வராது. மணல் நிறம். நீரோட்டத்தை எதிர்த்துக் கல்லைக் கவ்விக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். அழுகிய இலைக்கடியில் முட்டையிடும். அந்த ஓடையை மூடிச் சாலை போடப் பார்த்தார்கள். மாமா அலையாய் அலைந்து தடுத்தார். அதை மட்டும் நான் மறுக்கவில்லை. கடைசியில், மீன்வளத்துறை அதிகாரி வந்து மீனைக் கண்ணால் பார்த்தால் ஓடை தப்பும் என்று ஆனது.

யாராவது வருகிறார்கள் என்றால் மாமாவுக்குக் கை சும்மா இருக்குமா? இலைகளை ஒன்றுவிடாமல் வாரினார். கற்களைப் பிரஷால் தேய்த்து, சிறிதும் பெரிதுமாகப் பிரித்து அடுக்கினார்.

"மாமா, அதுங்க சாப்பாடே அந்தப் பாசிதான்."

"நாலு ஊர் சுத்திட்டு வந்தா மீனுக்கும் நீதான் வக்கீலா? அழுக்குல யாரும்மா குடியிருப்பா?"

அதிகாரி வந்தார். கண்ணாடி மாதிரித் தண்ணீர், வரிசையாகக் கற்கள். மீன்தான் இல்லை. கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுகிறவரைப் போல மாமா குனிந்து குனிந்து பார்த்தார்.

"போன வாரம்கூட இருந்துச்சு சார்."

"ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சுங்க சார்," என்றாள் துணி பிழிந்துகொண்டிருந்த அத்தை. "ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால போய்ப் பாருங்க. முள்ளு குத்தும்னு இவரு அங்க மட்டும் கை வைக்கல."

அங்கே மட்கிய இலை, வழுக்கும் கல், கல்லுக்குக் கல் மீன். அதிகாரி தலையாட்டினார். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது.

அன்று தெரு முழுக்க மாமாவின் வீரக்கதைதான். அதில் அத்தையும் இல்லை, பிரஷும் இல்லை.

மறுநாள் காலை முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டி, அரிவாளும் அதே பிரஷுமாகக் கிளம்பினார்.

"எங்க மாமா?"

"இனிமே மீன் பார்க்க ஆளுங்க வருவாங்க. ஒர்க்‌ஷாப் பக்கம் கண்கொண்டு பார்க்க முடியல."

அத்தை எழுந்து வந்தாள். பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாமா கதவருகே போனார். பிறகு பூட்டின் மேல் விரலை இழுத்து, முகர்ந்து பார்த்தார்.

"தூசி," என்றார்.