பரமசிவத்தின் விழாத பல்லடைப்பு

ஆட்டுக்காரர் பரமசிவத்தின் முன்பல் உடைந்தது 1951இல். உடைத்தது அவரே செல்லமாக வளர்த்த கிடா. தண்ணீர் வைக்கக் குனிந்தவருக்கு ஒரே முட்டு, பல்லின் ஒரு மூலை போயே போயிற்று. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. சோற்றோடு சேர்த்து விழுங்கியிருப்பார் என்று அவர் மனைவி ரத்தினம்மா இன்றுவரை சாதிக்கிறாள்.

போன மூலை சும்மா போகவில்லை. அந்த ஓட்டையில் நாக்கை ஒட்டி ஊதினால் ஒரு சீழ்க்கை கிளம்பும், சிங்கப்பூரின் தெம்பனிஸ் சாலைக் கம்பத்துக் குடிசைகளில் பிறந்து தூரத்து மணல் பள்ளம் வரை கேட்கும். நீளமாக ஓர் இழுப்பு, குட்டையாக இரண்டு வெட்டு, கடைசியில் மேலே ஒரு சுழிப்பு. லாலாங் புல்லில் மேயும் ஆடுகள் அதைக் கேட்டால் தலையைத் தூக்கும். ராங்கிக்காரி வெள்ளச்சி முன்னால் நடக்க, மற்றவை பின்னாலேயே வீடு வந்து சேரும். வேலி கிடையாது, நாய் கிடையாது.

ஆனால் வழியில் சீனர் ஆ லிம்மின் கீரைத்தோட்டம் இருந்தது. பல் உடைவதற்கு முன் ஒருநாள் ஆடுகள் அதில் புகுந்து பாத்திகளை மொட்டையடித்துவிட்டன. "இன்னொரு தடவை வந்துச்சுன்னா நிலக்காரர்கிட்ட சொல்லி உன்னையும் உன் ஆட்டையும் காலி பண்ண வெச்சுருவேன்" என்று ஆ லிம் மலாய் மொழியில் கத்திவிட்டுப் போனார். அவர் சொன்னால் செய்கிறவர். சீழ்க்கை வந்த பிறகு ஆடுகள் அந்தப் பக்கமே போகவில்லை. பரமசிவத்தின் வீடும் பிழைப்பும் அந்த ஓட்டைக்குள்தான் இருந்தன.

ரத்தினம்மாவுக்கு ஓட்டையையும் பிடிக்காது, அதிலிருந்து வரும் சத்தத்தையும் பிடிக்காது. "விசிலடிக்கிறது காலிப் பசங்க வேலை. நாலு பேர் முன்னால வாயைத் திறக்காதீங்க, எனக்கு மானம் போகுது" என்பாள். பெண்டாட்டி சொல்லைத் தட்டாத மனிதர் அவர். சிரிப்பு வந்தால் தோள் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு குலுங்குவார். அதுவும் வாய்விட்டுச் சிரிக்கப் பிறந்த ஆசாமி. பார்க்கவே பாவமாக இருக்கும்.

பல்லை அடைக்காமலும் இல்லை. மச்சான் கல்யாணத்துக்கு ஒருமுறை ஒரு வயதான வைத்தியர் வெள்ளைச் சிமெண்டு வைத்து அடைத்தார். தேக்காச் சந்தையில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலை வாங்கிக் கடித்ததில் அது கையோடு வந்துவிட்டது. மகள் தங்கத்தின் சடங்குக்கு மறுபடியும் அடைத்தார்கள். அந்த அடைப்பு எச்சிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஒருநாள் காலையில் காணாமல் போயிற்று. ரத்தினம்மா புலம்பினாள். பரமசிவம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் ஆசைதீர ஊதினார்.

ஆகவே அவருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பல்லடைப்பு கல்யாணப் பந்தலைப் போல. விசேஷத்துக்கு நிற்கும், முடிந்ததும் இறங்கிவிடும். 1968இல் தங்கத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ரத்தினம்மா பல் டாக்டரிடம் போகச் சொன்னபோது அவர் மறுபேச்சு பேசாமல் பஸ் ஏறியது இந்தத் தைரியத்தில்தான்.

சிராங்கூன் சாலை மாடியில் புதிதாக வந்திருந்தார் டாக்டர் நூர்தீன். இளம் வயது, நல்ல கைவாகு. இரண்டு பசையைக் குழைத்து, பல்லில் வைத்து, மெல்லிய பட்டையால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். பட்டையை எடுக்கும்வரை பரமசிவத்தால் வாய் பேச முடியவில்லை. கேட்க வேண்டியதை வேலை முடிந்த பிறகுதான் கேட்டார்.

"எத்தனை நாளைக்கு நிக்கும் டாக்டர்?"

"நாள் கணக்கா? அது பழைய சிமெண்டுங்க, எச்சில்ல கரைஞ்சிரும். இது புதுச் சாமான். பிசின்ல கண்ணாடி மாதிரி தூள் கலந்தது. இறுகிட்டா கல்லுதான்."

"கரையவே கரையாதா?"

"கரையாது. பிடிமானத்துக்கு உள்ள ரெண்டு ஊசி வேற நட்டிருக்கேன். நிறம் மங்கலாம், மேல தேயலாம். லேசுல விழாது. பயப்படாதீங்க லா."

பரமசிவம் நாக்கால் துழாவிப் பார்த்தார். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

கல்யாணம் பெருமாள் கோவிலில் சிறப்பாக நடந்தது. தங்கம் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டாள். போட்டோவில் பரமசிவம் பழக்க தோஷத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். "இதுக்கா பல்லை அடைச்சோம்?" என்று ரத்தினம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். கச்சாங் பூத்தே கடித்தார், முறுக்கு கடித்தார், கரும்பைத் தோலோடு கிழித்தார். அடைப்பு அசையவில்லை. தீபாவளியும் வந்து போயிற்று. ஊதினால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. தேக்காவில் ஒரு போலீஸ் விசில் வாங்கி வந்து ஊதினார். அதில் சத்தம் இருந்தது, சுழிப்பு இல்லை. வெள்ளச்சி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. தினமும் காட்டுக்குள் நடந்து போய்த்தான் ஆடுகளை ஓட்டிவர வேண்டியிருந்தது. அதில் முழங்கால் வீங்கியது.

ஒருநாள் சாயங்காலம் மழை கருக்கட்டிக்கொண்டு வந்தது. அன்று அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. மணல் பள்ளத்துப் பக்கமிருந்து ஆடுகள் தாமாகவே கிளம்பின, ஆனால் வீட்டைப் பார்த்து அல்ல. வெள்ளச்சி நேராக ஆ லிம்மின் கீரைப்பாத்தியைப் பார்த்து நடந்தது. பரமசிவம் கத்திப் பார்த்தார், கை தட்டினார், தகரத்தைத் தட்டினார். ஒரு காதும் திரும்பவில்லை. வெள்ளச்சி வரப்பில் கால் வைத்துவிட்டது.

"ரத்தினம், எல்லாம் போச்சு! நாளைக்கே போயி இந்தப் பல்லை ஊசியோட பிடுங்கிப் போடச் சொல்றேன்!" என்றார். கண்ணில் நீர் முட்டியது.

அடுப்படியிலிருந்து வந்த ரத்தினம்மா வரப்பைப் பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் வைத்தாள்.

நீளமாக ஓர் இழுப்பு. குட்டையாக இரண்டு வெட்டு. கடைசியில் மேலே அதே சுழிப்பு.

வெள்ளச்சி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. தலையைத் தூக்கிப் பார்த்தது. பின்பு திரும்பி, ஒன்றுமே நடக்காததுபோல் வீட்டைப் பார்த்து வந்தது, அதன் பின்னால் மற்ற எல்லாமும்.

பரமசிவம் அவள் விரலையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ... எங்க கத்துக்கிட்ட?"

"எங்க எஸ்டேட்டுல குரங்கு விரட்டினது யாருன்னு நினைச்சீங்க? கல்யாணமாகி வர்றப்ப, இனி அடிக்க மாட்டேன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

"சரி, என் மெட்டு?"

ரத்தினம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தினமும் காதுல விழுந்தா மறக்கவா முடியும்?"

காலிப் பசங்க வேலையென்று இத்தனை வருஷமும் வைதவள், ஒரு சுழிப்பு விடாமல் மனப்பாடம் பண்ணி வைத்திருந்திருக்கிறாள். அதை நினைத்ததும் அவருக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கை தன்னால் தோளுக்குப் போயிற்று.

ரத்தினம்மா துண்டைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா சிரிங்க. அதுக்குத்தான் அடைச்சது."