ஐந்தாம் மாடிக்கு மேலே

என் அக்காவுக்கு வானத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் வெளியே வரமாட்டாள். இந்த ஒரு விஷயத்தை யாராவது முதலிலேயே பளிச்சென்று சொல்லியிருந்தால், நான் வெல்டிங் பட்டறையைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது போயிருப்பேன். சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக என் தலையில் கட்டினார்கள்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவள். 'ஓட்டினேன்' என்றுதான் அவளும் சொல்வாள். பட்டன் அமுக்குகிற வேலைதானே என்று கேட்ட உறவுக்காரர் ஒருவரோடு இன்றைக்கு வரை பேச்சுவார்த்தை கிடையாது. ஸ்ட்ரெச்சர் நுழைகிற அகலத்தில் பழைய காலத்து லிஃப்ட் அது. இழுத்து மூடுகிற கம்பிக் கதவு, மூன்று பக்கமும் கைப்பிடி, கதவோரமாக ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. எழுந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. எட்டுப் பேருக்கு மேல் ஒரு ஆள் ஏறினாலும் வண்டியை எடுக்கமாட்டாள். ஒன்பதாவதாக ஏறியவர் தலைமை டாக்டராகவே இருந்தாலும் இறங்கிப் படியேறித்தான் போக வேண்டும். வேலையில் அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை, கட்டடம் ஐந்தாம் மாடியோடு முடிந்துபோனதுதான். "அப்பதான் சீரா ஓட ஆரம்பிக்குது, அதுக்குள்ள அஞ்சு வந்து நின்னுடுது" என்று சாப்பிடும்போதெல்லாம் அலுத்துக்கொள்வாள்.

அவள் ஓய்வு பெறுகிற வாரத்தில் கண் டாக்டர் ஒருவர் நீளமான பெட்டியோடு லிஃப்டில் ஏறினார். கொஞ்சம் பிடிங்கம்மா என்று அவள் கையில் கொடுத்துவிட்டு மூன்றாம் மாடியில் இறங்கியவர், திரும்பி வரவே இல்லை. வெளிநாட்டுக்குப் போய்விட்டார். போனில் தேடிப் பிடித்துக் கேட்டதற்கு, இங்கே வைக்க இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். பெட்டிக்குள் டெலஸ்கோப் இருந்தது.

டெலஸ்கோப்போடு வீட்டுக்கு வந்தவள் நேராக ஸ்டோர் ரூமுக்குள் போனாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர். எதற்கும் பதறாத மனுஷர். முதல் நாள், ஏதோ தேடுகிறாள் என்று விட்டுவிட்டார். மறுநாளும் அவள் அங்கேயே இருந்தாள். மூட்டைகளுக்கும் பழைய பாத்திரங்களுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு. மாமா சர்க்கரை எடுக்கப் போனால் ஒதுங்கி இடம் விட்டு, "எந்த மாடி?" என்று கேட்டாள். மாமா சிரித்தார். அடுத்த தடவையும் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

காற்றாட இருக்கட்டும் என்று ஒரு சாயங்காலம் டெலஸ்கோப்பையும் அவளையும் மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார். கடைசிப் படியில் கால் வைத்ததுமே அவளுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, சுவர் எங்கே, சுவர் எங்கே என்று கேட்டாளாம். டாக்டர்கள் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு வாசல் தாண்டுவதே நின்றுபோனது. ஸ்டோர் ரூம், அடுப்படி, மறுபடி ஸ்டோர் ரூம்.

அப்புறம்தான் மாமா என் பட்டறைக்கு வந்தார். வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க அக்காவுக்கு நாலு பக்கமும் சுவர் இருக்கணும். மேல ஒண்ணும் இருக்கக்கூடாது. மழை வந்தா மூடணும். உன்னால முடியுமா?"

நான் ஸ்லைடிங் கேட் செய்கிறவன். பெரிய வீட்டு வாசல்களில் சக்கரத்தின் மேல் உருண்டு ஒதுங்குமே, அந்த கேட். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஒரு கேட்டைப் படுக்கப் போட்டால் கூரை ஆகிவிடும் என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அளவு கேட்டேன். அக்கா ஸ்டோர் ரூமுக்குள் நின்றபடி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அகலம் அது. நீளத்துக்கு ஒருமுறை விரித்து, நகர்ந்து நின்று மறுபடி பாதி விரித்தாள். ஆஸ்பத்திரி லிஃப்டின் அளவு அப்படியே வந்தது. கம்பிக் கதவு வேண்டுமென்றாள், வெளியே தெரியாதபடி அதில் தகரம் அடைத்து. ஓரத்தில் ஸ்டூலுக்கு இடம் விடச் சொன்னாள். ஜன்னல் கூடவே கூடாது. மூன்று பக்கமும் கைப்பிடி வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. நட்சத்திரம் பார்க்கிற இடத்துக்குக் கைப்பிடி எதற்கு என்று கத்தினேன்.

"கெளம்பும்போது எல்லாரும் எதைப் புடிப்பாங்க?" என்றாள் அக்கா.

பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியும் வைத்தேன்.

டெலஸ்கோப்புக்கு நடுவில் ஒரு கான்கிரீட் தூண். அதைத் தரையோடு சேர்க்காமல், சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி விட்டு, தனியாக ஆழக் குழி தோண்டி நிறுத்தினேன். சேர்த்துக் கட்டினால் பக்கத்தில் ஒருவர் கால் மாற்றி நின்றாலே டெலஸ்கோப்பில் நிலா குதிக்கும் என்று மாமா எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். ஆள் உயரத்துக்கு மேலே சுவர். சுவரின் தலையில் இரண்டு பக்கமும் தண்டவாளம். அந்தத் தண்டவாளத்தை வெளியேயும் நீட்டி, நாலு கம்பத்தின் மேல் நிறுத்தி, பக்கத்து வீட்டு மதில் வரைக்கும் கொண்டுபோனேன். இரும்பு ஆங்கிள் சட்டத்தில் தகரக் கூரை, கீழே கேட் சக்கரங்கள். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுற்ற ஒரு கைப்பிடி. அதற்குப் பழைய சைக்கிளின் செயினும் பெடலும். சுற்றினால் கூரை உருண்டு வெளிக் கம்பங்களின் மேல் போய் நிற்கும். திருப்பிச் சுற்றினால் வந்து மூடிக்கொள்ளும்.

நிற்கும் என்றுதான் நினைத்தேன். கேட் வேலையில், தண்டவாளத்தின் முடிவில் தடுப்புக் கட்டை வைப்பது கொத்தனார் வேலை. இத்தனை வருஷமும் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. கொத்தனாரோ, இது கேட் இல்லையே, கூரைதானே, வெல்டர் வைத்துக்கொள்வார் என்று சாமான்களைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். முதன்முதலாகச் சுற்றிப் பார்த்தபோது கூரை ஜம்மென்று கிளம்பியது. எனக்கே பெருமையாக இருந்தது. தண்டவாளம் முடிந்த பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு மதிலில் வயிற்றை வைத்து, பாதி உடம்பு அந்தப் பக்கம் தொங்க, தக்காளிச் செடித் தொட்டிகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் பரீட்சை ஹால்களில் மேற்பார்வை பார்த்தே காலத்தைக் கழித்த வாத்தியார். தெருவில் 'சைலன்ஸ்' என்றால்தான் தெரியும். அவர் அந்த நேரத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் திடீரென்று வந்த கூரையை அண்ணாந்து பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக நகராட்சிக்குப் போனார்.

அவர் புகார் நகராட்சியில் கிடந்த நாட்களில் நான் கூரையை இழுத்து வந்து, தடுப்பும் வைத்து முடித்தேன். அக்கா முதன்முதலாக வந்தாள். பின்வாசலுக்கும் கம்பிக் கதவுக்கும் நடுவில் கொஞ்சம்தான் வெட்டவெளி. அந்தக் கொஞ்சத்தையும் அவளால் கடக்க முடியாது என்று மாமா குடை பிடித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடையின் கம்பியையே பார்த்துக்கொண்டு, மாமாவின் தோளை இறுக்கிப் பிடித்தபடி நடந்து வந்து உள்ளே ஏறினாள். கதவைக் கடகடவென்று இழுத்துச் சாத்தினாள். ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். வானம் திறந்தது. அவளுக்கு வியர்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் ஸ்டோர் ரூம் பக்கமே போகவில்லை. தினமும் சாயங்காலம் குடையில் வருவாள், நிலாவையோ எது கிடைக்கிறதோ அதையோ பார்ப்பாள். மாமாவைப் பார்க்கவிட்டு, "முடிஞ்சதா? அடுத்த ஆள்" என்பாள். அடுத்த ஆள் நான்தான். அவள் குரலில் பழைய அதிகாரம் திரும்பி வந்திருந்தது. அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த நாலு சுவர் போய்விட்டால் அவள் மறுபடி மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடுவாள் என்பது எனக்கும் மாமாவுக்கும் நன்றாகத் தெரிந்தது.

நகராட்சி அதிகாரி வந்தார். களைத்துப்போன மனுஷர். கூரை இருந்தால் அது அறை, அறைக்கு அனுமதி வேண்டும், வாங்கவில்லை, ஆகவே இடிக்க வேண்டும் என்றார். நான் ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். இப்போது கூரை இல்லை, வெறும் சுவர்தான் என்று காட்டினேன். அவர் வெளிக் கம்பங்களின் பக்கம் கையை நீட்டினார். அங்கே நாலு கால், மேலே தகரம். அது கொட்டகை, அதற்கும் அனுமதி இல்லை என்றார். பாதியில் நிறுத்தினேன். அரை அறையும் அரைக் கொட்டகையுமாக இரண்டு குற்றம் ஆகிறது என்றார். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே கைப்பிடியைச் சுற்றினார். கூரை போயிற்று, வந்தது. மறுபடி போயிற்று. அவருக்கு அது பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன், ஆனால் முகத்தை விறைப்பாகவே வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்டூலில் இருந்த அக்காவிடம், இது என்னதான் என்று கேட்டார்.

"லிஃப்ட் சார்" என்றாள் அக்கா.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். லிஃப்ட் அவர் இலாகா இல்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டரை அழைத்து வருகிறேன், அவர் லிஃப்ட் என்று எழுதிக் கொடுத்தால் எனக்கு வேலை இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி ஒரு சாயங்காலம் இன்ஸ்பெக்டரோடு வந்தார். இன்ஸ்பெக்டர் ஒல்லியானவர், கையில் டார்ச், சிரிக்கிற பழக்கமே இல்லாதவர். கம்பிக் கதவை இழுத்துப் பார்த்தார், சரி என்றார். கைப்பிடி சரி. அக்கா எழுதி மாட்டியிருந்த 'எட்டுப் பேர்' பலகை சரி. ஓட்டுகிறவருக்கு அனுபவம் இருக்கிறதா என்று கேட்டு, அக்கா சொன்ன பதிலில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். நடுவில் இருந்த டெலஸ்கோப்பைக் காட்டி இது எதற்கு என்றார். எங்கே வந்திருக்கிறோம் என்று பார்க்க, என்றாள் அக்கா. அவர் தலையாட்டினார். பிறகு கயிறு எங்கே என்றார், இல்லை. மோட்டார், இல்லை. எத்தனை மாடி என்றார். தரைத்தளம் மட்டும்தான் என்றாள். இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்தார்.

"நகரணும் மேடம். நகராததை நான் லிஃப்ட்னு எழுத முடியாது."

மாமா என்னைப் பார்த்தார். அக்கா மட்டும் அசரவில்லை.

"நகரும் சார். ஃபுல் லோடு வேணும்."

நான், மாமா, என் மனைவி, அக்கா, இரண்டு அதிகாரிகள், அவர்களுடைய ஜீப் டிரைவர். ஒரு ஆள் குறைந்தது. மதிலுக்கு மேலே சைலன்ஸின் தலை தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டாள். புகார் கொடுத்தவனே ஏறுவது முறையா என்று கேட்டுக்கொண்டே சுற்றி வந்து ஏறிக்கொண்டார். டெலஸ்கோப்பைச் சுற்றி எட்டுப் பேர், தோளோடு தோள். அக்கா எல்லோரையும் கதவைவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னாள். கதவு மூடிற்று. உள்ளே இருட்டு. கைப்பிடி சுற்றியது, கூரை உருண்டு விலகியது.

அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை; மற்ற எல்லாப் பக்கமும் சுவர். மேலே காற்று வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. நடு உச்சியில் பாதி நிலா. அதைத் தாண்டி மேகங்கள் எல்லாம் ஒரே பக்கமாக, நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

"மேல போகுது" என்றாள் அக்கா, வேலைக் குரலில்.

போயிற்று. மேகம் நின்றது, சுவர் கிளம்பியது. என் அடிவயிறு கீழே தங்கிவிட்டது. அந்தத் தூணுக்குக் குழி தோண்டியவன் நான், அந்தத் தரையைப் போட்டவன் நான், ஆனாலும் என் கை கைப்பிடியைத் தேடிப் பிடித்தது. இன்ஸ்பெக்டர் எனக்கு முன்பே பிடித்திருந்தார். அவர் முழங்கால்கள் லேசாக மடங்கியிருந்தன. மெதுவாகப் போகச் சொல்லுங்கள் என்று சைலன்ஸ் முனகினார்.

"எந்த மாடி இது?" இன்ஸ்பெக்டரின் குரல் கம்மியிருந்தது.

அக்கா டெலஸ்கோப்பை நிலாவுக்குத் திருப்பிக் காட்டினாள். அவர் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடியே குனிந்து கண்ணை வைத்தார். எட்டுப் பேர் நின்றும் நிலா ஆடியிருக்காது. பள்ளமும் மேடுமாக அத்தனை பக்கத்தில் இருந்திருக்கும். அவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"அஞ்சு தாண்டிடுச்சு சார்" என்றாள் அக்கா.



கூரையை மூடி, கதவைத் திறந்தாள். இன்ஸ்பெக்டர் வாசலில் ஒரு காலை நீட்டி, தரை வந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். நகராட்சி அதிகாரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"ஓடுது. ஸ்பீடுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஆயுசு முழுக்க வண்டி ஓட்டியவளைப் பார்த்து ஸ்பீடு என்று எப்படிச் சொல்லலாம், ஒரு நோயாளியையாவது ஒரு குலுக்கல் குலுக்கியிருப்பேனா, போய் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள் என்று ஸ்டூலைவிட்டு எழுந்து அவர் பின்னாலேயே போனாள். பின்பக்கத்தைத் தாண்டினாள், வீட்டின் பக்கவாட்டைத் தாண்டினாள், தெருவுக்கே போய்விட்டாள். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகும், வானம் பார்த்த நடுத்தெருவில், எதையும் பிடிக்காமல், இரண்டு கைகளையும் வீசி வீசி அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைக் கூப்பிட நான் வாயெடுத்தேன். மாமா என் கையைப் பிடித்து அமுக்கினார். அவருடைய இன்னொரு கையில் குடை மடித்தபடியே இருந்தது.