அம்மாவின் குலம்

ஸ்டில்வெல் ஊரில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்லி டிஹீ, பத்து வருடம் அலைந்து அப்பா வழியில் ஆறு தலைமுறையைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அமெரிக்கப் பழங்குடியான செரோக்கிகளுக்குக் குலம் தாய் வழியில்தான் வரும். ஆர்லியின் அம்மாவோ வெள்ளைக்காரர்களின் விடுதிப் பள்ளி வைத்த ‘மேரி’ என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தவள். ஆர்லி என்ன குலம் என்று தெரியாமலேதான் அவருக்கு வைனோனாவைக் கட்டிக்கொடுத்தார்கள்.

அம்மாவின் பாட்டுப் புத்தகத்தில் செரோக்கி எழுத்தில் மூன்று வரி இருந்தது. ஆர்லிக்கு அதைப் படிக்கத் தெரியாது. இறந்துபோன மனைவி வைனோனாவின் அக்கா லியோட்டாவிடம் கொண்டுபோனார்.

“ஆம்பளைங்களையே தேடிக்கிட்டிருந்த. பெத்தவளைத் தேட இப்பதான் நேரம் வந்துச்சா?” என்றபடி லியோட்டா கண்ணாடியை மாட்டினாள். அம்மாவின் செரோக்கிப் பெயரைப் படித்தாள். அவளைப் பெற்றவளின் பெயரைப் படித்தாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

“என்ன மதினி?”

“உங்கம்மா பறவைக் குலம்.”

வைனோனாவும் பறவைக் குலம். ஒரே குலத்தில் பிறந்தவர்கள் உடன்பிறப்புகள். அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. ஆர்லி வைனோனாவோடு நாற்பது வருடம் வாழ்ந்திருந்தார்.

லியோட்டா புத்தகத்தை மூடி அவர் கையில் வைத்தாள்.

“இனிமே மதினின்னு கூப்பிடாத. அக்கான்னு கூப்பிடு.”